பக்கத்து நிரை

தேயிலை மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களிடையே எங்கும் எழுதிவைக்கப்படாத ஒரு சட்டம் உண்டு. காலையில் கங்காணி ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பார். அந்த வரிசையிலுள்ள செடிகள் அன்றைக்கு அவளுடையவை. ஒருத்தி உடம்புக்கு முடியாமல் பின்தங்கிவிட்டால், பக்கத்து நிரைக்காரி கையை நீட்டி அவளுடைய செடிகளையும் கிள்ளி, அவள் கூடையிலேயே போட்டு, அவளையும் சேர்த்து மேலே இழுத்துக்கொண்டு வருவாள். இருவரும் பேச்சுவார்த்தை இல்லாதவர்களாக இருந்தாலும் சரி, முந்தின நாள் தண்ணீர்க் குழாயடியில் ஒருவர் தலைமுடியை ஒருவர் பிடித்து இழுத்தவர்களாக இருந்தாலும் சரி. கை கொழுந்தைக் கிள்ளும். வாய் திட்டிக்கொண்டே இருக்கும். அதை யாரும் முரண்பாடாக நினைப்பதில்லை.

ஹந்தானைச் சரிவில், கண்டி நகரத்தின் கூரைகள் கீழே பொடிப்பொடியாகத் தெரியும் ஒரு தோட்டத்தில், ஜெயராணி இந்தச் சட்டத்தோடுதான் வளர்ந்தாள். அவளுக்குப் பக்கத்து நிரை எப்போதும் தங்கை புஷ்பத்தினுடையது. அக்காள் கையில் வேகம். தங்கை வாயில் வேகம். புஷ்பம் ஒன்று சொன்னால் மலை முழுவதும் சிரிக்கும்.

அந்த வாய்தான் மாசி மாதத்தில் ஒரு நாள் காலை, ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் வைத்து முத்துலிங்கம் கங்காணியைக் குத்திவிட்டது. மேல்மலையின் உச்சியிலுள்ள சவுக்கு மரத்தில் குளவிக்கூடு ஒன்று மண்பானை அளவுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் பலமுறை முறையிட்டார்கள். கூட்டை எடுக்கும்வரை அந்த மலையில் வேலையை நிறுத்த வேண்டிவரும் என்பதால், கொளுத்தியாயிற்று என்று துரையிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்தார் கங்காணி.

"கூடு அப்படியே தொங்குதே கங்காணி, நீங்க எதைக் கொளுத்துனீங்க? பீடியையா?" என்றாள் புஷ்பம்.

களமே சிரித்தது. கங்காணி சிரிக்கவில்லை. அன்றைக்கு நிரை பிரிக்கும்போது அந்த மரத்தடி நிரையை அவளுக்குக் கொடுத்தார். மலையடியில் நிரை தொடங்கும் இடத்தில் அவள் தயங்கி நின்றபோது கிட்டே வந்து தாழ்ந்த குரலில் ஒரு வார்த்தை சொன்னார். அது பக்கத்து நிரையில் நின்ற ஜெயராணியின் காதில் மட்டும் விழுந்தது.

"ஏறு. கொட்டுனா கொட்டட்டும். ஒன் வாய் இன்னுங் கொஞ்சம் வீங்கட்டும்."

பகல் காற்றில் கிளை உரசியது, கூடு கலைந்தது. முதலில் ஓடியவர் கங்காணி. மரத்தடியில் புஷ்பம் நின்ற இடத்திலிருந்து ஓடுவதற்கு வழியில்லை; ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஜெயராணி அவளை எட்டிப் பிடித்தபோது தங்கையின் முகம் தங்கையின் முகமாக இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் லொறியிலேயே மூச்சு நின்றுவிட்டது.

கூடு முன்னமே கொளுத்தப்பட்டது, குளவிகள் காட்டிலிருந்து வந்தவை என்று கங்காணி சாதித்தார். மேல்மலைக்கு அதன்பின் ஒருவரும் ஏறாததால் கூட்டைக் காட்டி அவரை மறுக்கவும் ஒருவரும் இல்லை. தொழிற்சங்கம் விடவில்லை. கண்டியிலிருந்து ஒரு விசாரணை அதிகாரி வருவார், மரத்தை நேரிலேயே பார்ப்பார் என்று தகவல் வந்தது. காதால் கேட்ட சாட்சி ஜெயராணி ஒருத்தி. அந்த நாளுக்காகவே அவள் சாப்பிட்டாள், தூங்கினாள், உயிரோடிருந்தாள். அந்த ஒரு வாக்கியத்தை ஓர் எழுத்தும் சிந்தாமல் நெஞ்சில் வைத்திருந்தாள். லயத்து வரிசை வீடுகளில் பெண்கள் கேட்டபோதெல்லாம் அவர்களுக்கும் சொன்னாள்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் விடிகாலையில்தான் அது நடந்தது.

குளவிக்கூட்டை இருட்டில்தான் கொளுத்தவேண்டும், பந்தம் காய்ந்திருக்கவேண்டும் என்பது அந்தத் தோட்டத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். முத்துலிங்கத்துக்கும் தெரியும். ஆனால் இருட்டில் மலையுச்சியில் பந்தம் எரிந்தால் லயத்திலிருந்து எல்லோரும் பார்ப்பார்களே! பொய்யைப் புதைக்கப் போகிறவருக்கு வெளிச்சம் எப்படி ஆகும்? ஆகவே, பனி மூடியிருக்கும் விடியல் வேளையைத் தேர்ந்துகொண்டார். பனியில் நனைந்த சாக்குப் பந்தம் எரியாமல் புகைந்தது. கூடு கொழுந்துவிட்டு எரிவதற்குப் பதிலாக விழித்துக்கொண்டது.

கொழுந்துக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் ஓர் அலறலைக் கேட்டு அண்ணாந்து பார்த்தார்கள். பனிக்குள்ளிருந்து ஒரு மனிதர் கைகளை வீசிக்கொண்டு உருண்டும் எழுந்தும் வந்து, செடிகளுக்கிடையே வெட்டியிருந்த தண்ணீர்க் கானுக்குள் விழுந்தார். அவருக்கு மேல் ஒரு கரிய புகை போலக் குளவிகள் சுழன்றன.

"கங்காணிடீ!" என்றாள் கூட நடந்துவந்த சந்திரிகா. குரலில் இருந்தது அதிர்ச்சியல்ல.

உண்மையைச் சொல்வதென்றால், அந்தக் கணத்தில் ஜெயராணியின் நாக்கில் ஓர் இனிப்பு ஊறியது. புஷ்பம் போனபிறகு எந்தச் சோற்றிலும் அவள் காணாத இனிப்பு. ஒருவரும் அசையவில்லை. கானுக்குள்ளிருந்து வந்த அலறல் முனகலாகத் தேய்ந்தது. பின்னால் நின்றவர்களில் யாரோ சத்தமாகச் சிரித்துக்கொண்டு சொன்னார்கள்:

"கொட்டுனா கொட்டட்டும். வாய் இன்னுங் கொஞ்சம் வீங்கட்டும்!"

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயராணிக்கு நாக்கிலிருந்த இனிப்பு அப்படியே கசந்துபோயிற்று. அது அவர் சொன்ன வார்த்தை. தங்கையைக் கொன்ற வார்த்தை. அதே வார்த்தை, அதே ராகத்தில், தன் பக்கத்தில் நிற்கிறவர்களின் வாயிலிருந்து வருகிறது. அதைக் கேட்டு ஒரு விநாடி தன் உதடும் விரிந்திருக்கிறது.

கூடையைக் கழற்றி எறிந்தாள். தலையில் போட்டிருந்த கொங்காணித் துணியை இழுத்து முகத்தைச் சுற்றிக் கட்டினாள். இடுப்பில் கட்டியிருந்த தடித்த படங்கை அவிழ்த்துக் கையில் எடுத்தாள்.

"ஏய், எங்க போற? பைத்தியமா பிடிச்சிருக்கு ஒனக்கு?" சந்திரிகா அவள் கையைப் பிடித்தாள்.

"அந்த வாய் அந்தாளோடது. எனக்கு அது வேணாம்," என்றாள் ஜெயராணி. கையை உதறிக்கொண்டு, குனிந்து, கான் வழியாகவே தவழ்ந்து மேலேறினாள்.

படங்கை அவர் மீது போர்த்தி, திறந்திருந்த இடங்களைத் தன் உடம்பால் மூடிக்கொண்டு கிடந்தாள். முதுகிலும் கழுத்திலும் நெருப்புத் துளிகள் விழுவது போலிருந்தது. எவ்வளவு நேரமென்று தெரியாது. பிறகு புகை மணத்தது. சந்திரிகாதான், மானாப்புல்லை அள்ளிக் கொளுத்தி, இருமலுக்கும் வசவுக்கும் நடுவே, "செத்துத் தொலையாதடி பாவி! செத்தீன்னா உன்னைக் கொன்னுப்புடுவேன்!" என்று கத்திக்கொண்டே வந்தாள். புகைக்குக் குளவிகள் விலகின.

முத்துலிங்கத்தைப் பேராதனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிர் தப்பிவிட்டது. ஜெயராணியை மறுநாளே வீட்டுக்கு அனுப்பினார்கள். விசாரணை ஒத்திவைக்கப்பட்டது.

வீட்டுக்கு வந்தவளை லயம் வரவேற்கவில்லை. ஜெயராணியின் மனம் இளகிவிட்டது, சாட்சியை விழுங்கிவிடுவாள் என்று பேச்சுப் பரவியிருந்தது. தண்ணீர்க் குழாயடியில் சந்திரிகா, குடத்தை வைத்துவிட்டு ஒரு கதையை எடுத்துவிட்டாள்.

"கெணத்துல ஒரு நரி விழுந்துச்சாம். ஒரு மான் மட்டும் ஐயோ பாவம்னு கயித்த விட்டுச்சாம். நரி மேல வந்து ஒடம்ப ஒதறிக்கிட்டு, 'ரொம்ப நன்றிங்க, எனக்குப் பசிக்குது'ன்னுச்சாம். அந்த மானுக்கு என்ன பேரு தெரியுமா? ஜெயராணி!"

சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஜெயராணி வீங்கிய கண்ணால் அவளைப் பார்த்தாள்.

"கதையை அரைகுறையா கேட்டுட்டு வந்திருக்க. மத்த மானெல்லாம் என்ன செஞ்சுச்சு?"

"என்ன செய்யும்? கெணத்தச் சுத்தி நின்னு வேடிக்கை பாத்துச்சு."

"ஆங். நரி முழுகுறதப் பாக்குறதுக்கு ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டு விளிம்புல வந்து நின்னுச்சுக. பாரம் தாங்காம விளிம்பு இடிஞ்சுச்சு. அதுகளும் உள்ள. நரிக்குப் பசி அங்கயே தீந்துச்சு." குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "ஒன் கதையில வர்ற மான் கயித்த மட்டுந்தான் கொண்டுபோச்சு சந்திரிகா. எனக்கு ஒரு கையில கயிறு, மறு கையில கவ்வாத்துக் கத்தி. ரெண்டும் என்கிட்ட இருக்கு. பாத்துக்கிட்டே இரு."

முற்றிய செடியின் தலையை வெட்டிச் சாய்க்கும் கத்தி அது. சந்திரிகா தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினாள்.

ஆனால் ரமேஸை அப்படி மடக்கிவிட முடியாது. புஷ்பத்தின் கணவன் அவன். கண்டி மார்க்கெட்டில் ஒரு காய்கறிக் கடையில் வேலை. செய்தி கேட்டு அன்று மாலையே ஏறி வந்தான். கதிரையை நகர்த்திப் போட்டும் உட்காரவில்லை.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். புஷ்பம் விழுந்து கெடந்தப்ப அவன் திரும்பிப் பாத்தானா?"

"பாக்கல."

"அப்புறம் நீங்க ஏன் பாத்தீங்க?"

"அந்தாளு பாக்கலங்கிறதைச் சொல்லத்தான தம்பி விசாரணைக்குப் போறோம்? நானும் பாக்காம போயிருந்தா, எந்த மூஞ்சியோட போய் அதைச் சொல்றது?"

"அவன் அங்கேயே முடிஞ்சிருந்தா விசாரணையே தேவையில்ல. கடவுள் குடுத்த தீர்ப்புன்னு போயிருக்கும்."

ஜெயராணி எழுந்து நின்றாள்.

"குளவிக்கு என்ன தம்பி தீர்ப்பு தெரியும்? அதே குளவிதான என் தங்கச்சியையும் கொட்டுச்சு? அந்தாளுக்குக் கெடச்சது தீர்ப்புன்னா, அவளுக்குக் கெடச்சது என்ன? அவ என்ன தப்பு செஞ்சா? சொல்லுங்க!"

ரமேஸ் சுவரில் மாட்டியிருந்த புஷ்பத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு, "நீங்க பேசுறது காதுக்கு ஏறுது அக்கா. வயித்துக்கு ஏறல," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

அது அவளுக்குப் புரிந்தது. அவளுடைய வயிற்றுக்கும் அது முழுதாக ஏறியிருக்கவில்லை.

முத்துலிங்கத்தின் மனைவி பிரேமிளா இப்போது தனியாளாக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தாள். லயத்து வழியே அவள் நடந்தால் போதும், ஒரு வாசலிலிருந்து, "ஙொய்ய்ய்..." என்று குளவி இரையும் சத்தம் கிளம்பும், அடுத்த வாசல் அதை வாங்கிக்கொள்ளும். சின்னஞ்சிறுசுகள் தொடங்கினால் பெரியவர்கள் முடித்துவைப்பார்கள். ஒரு நாள் ஜெயராணி நடுவழியில் வந்து நின்று, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை அந்தச் சத்தம் எந்த வீட்டிலேருந்து வருதோ, அந்த வீட்டு வாசல்ல நின்னு புஷ்பம் எப்படிச் செத்தான்னு ஒண்ணுவிடாம சொல்லுவேன்! அந்தச் சத்தத்துலதான் அவ செத்தா! ஒங்களுக்கு அது வெளையாட்டா?" என்று கூவினாள். இரைச்சல் அன்றோடு நின்றது. அவளுடன் பேசுவதையும் பலர் நிறுத்திக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் பிரேமிளா கதவருகே வந்து நின்றாள்.

"அவருக்கு நாக்கு வீக்கம் இன்னும் வத்தல. கஞ்சிதான் எறங்குது. எங்க வீட்டு அடுப்பு ரெண்டு நாளா நனைஞ்சு கெடக்கு. வெறகு யாரும் தரமாட்டேங்கிறாங்க."

"உள்ள வாங்க. கஞ்சி இருக்கு. தூக்குச்சட்டியில ஊத்தித் தாரேன்."

பிரேமிளா சட்டியை வாங்கிக்கொண்டும் போகவில்லை. முந்தானையை முறுக்கினாள்.

"நீங்க தங்கமான மனசுக்காரி அக்கா. அவரு உயிரையே காப்பாத்திக் குடுத்திருக்கீங்க. அந்த ஒரு வார்த்தை... அதை ஆபீசுல சொல்லமாட்டீங்கதானே?"

"சொல்லுவேன்."

"அக்கா..."

"முழுசாச் சொல்லுவேன். ஒரு எழுத்தும் கொறைக்கமாட்டேன், கூட்டவும்மாட்டேன். கஞ்சி ஆறுறதுக்குள்ள கொண்டுபோங்க. நாளைக்கும் வந்து வாங்கிக்கிங்க."

பிரேமிளா அவளைப் பேய் பிடித்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். கஞ்சியைக் கொட்டிவிட்டுப் போகலாமா என்றுகூட ஒரு கணம் அவள் கை யோசித்தது. பிறகு எடுத்துக்கொண்டு போனாள். மறுநாளும் வந்தாள்.

விசாரணை நாளன்று தோட்டத்து ஆபீஸ் முன்னால் லயம் முழுவதும் திரண்டிருந்தது. உள்ளே, ஒரு கதிரையில் முத்துலிங்கம் உட்கார்ந்திருந்தார். ஒரு கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. முகத்தில் தழும்புகள் கறுத்திருந்தன. அதிகாரி முதலில் மரத்தைப் பார்த்துவிட்டு வந்தார். பாதி கருகிய கூடும் அடியில் கிடந்த பந்தமும் அங்கே அப்படியே இருந்தன. முன்னமே கொளுத்திய கூட்டை மறுபடி ஏன் கொளுத்தப் போனீர்கள் என்று கேட்டதற்கு முத்துலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜெயராணியைக் கூப்பிட்டார்கள். அவள் சொன்னாள். பீடியைப் பற்றிய கேலியைச் சொன்னாள். மரத்தடி நிரையைச் சொன்னாள். அந்த வாக்கியத்தைச் சொன்னாள். முத்துலிங்கத்தின் திறந்திருந்த கண்ணை நேரே பார்த்துச் சொன்னாள்.

கங்காணியின் பக்கம் பேச வந்திருந்தவர் நயமாகச் சிரித்தார். "அம்மா, இவ்வளவு கொடுமையானவர்னு சொல்றீங்க. ஆனா உயிரைப் பணயம் வெச்சு நீங்கதான் இவரைக் காப்பாத்தியிருக்கீங்க. இவர் நல்லவர்னு ஒங்க மனசுக்குத் தெரிஞ்சதாலதானே?"

"இல்லீங்க."

"அப்ப, மன்னிச்சிட்டீங்க?"

"அதுவும் இல்லீங்க. குளவி கொட்டுனா எப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியும். அதனால காப்பாத்துனேன். எப்படி வலிக்கும்னு தெரியுங்கிறதாலதான் இப்ப சாட்சியும் சொல்றேன். ரெண்டும் ஒண்ணுதாங்க."

அவர் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். முத்துலிங்கம் வாயைத் திறந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று எல்லோரும் காத்தார்கள். அவர் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தார். மன்னிப்போ மறுப்போ, என்ன சொல்ல வந்தார் என்பது யாருக்கும் தெரியாது.

அன்று மாலைக்குள் கங்காணி வேலை பறிபோனது. பொய் சொல்லி ஓர் உயிர் போகக் காரணமாயிருந்ததற்காக வழக்கைப் பொலிசுக்கு அனுப்புவதாக அதிகாரி அறிவித்தார். வெளியே ஆரவாரம் எழுந்தது. ரமேஸ் கையில் பட்டாசுச் சரம் ஒன்று இருந்தது. மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்திருந்தான். ஆபீசிலிருந்து ரோட்டுக்கு இறங்கும் படியில் அதை நீளமாக விரித்துப் போட்டான். தாழ்வாரத்தில் பிரேமிளா கணவனின் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். படியைத் தவிர வேறு வழி கிடையாது.

ஜெயராணி வெளியே வந்தாள். ஒரு பார்வையில் எல்லாம் விளங்கியது. பிரேமிளாவின் மறுபக்கம் போய் நின்றுகொண்டாள்.

"நடங்க," என்றாள்.

"அக்கா, விலகுங்க!" ரமேஸ் கத்தினான். தீக்குச்சி அவன் விரலில் எரிந்துகொண்டிருந்தது. "இன்னைக்காவது விலகுங்க! நாம ஜெயிச்சிருக்கோம்!"

"ஜெயிச்சாச்சு தம்பி. அது போதும். கொளுத்துறதுன்னா கொளுத்துங்க. நானும் இது மேலதான் நடந்து போறேன்."

அவள் படியில் கால் வைத்தாள். காலடியில் பட்டாசுக் காகிதம் நொறுங்கியது. முத்துலிங்கத்தின் கால்கள் தடுமாறின. ஜெயராணி அவரைப் பிடிக்காமல், அவருக்கு முன்னால், நிமிர்ந்து, மெல்ல நடந்தாள். தீக்குச்சி ரமேஸின் விரல்வரை எரிந்து சுட்டது. அவன் அதை உதறினான். இன்னொன்றைக் கிழிக்கவில்லை. அவர்கள் ரோட்டை அடைந்தபோது, அவன் படியில் உட்கார்ந்து முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு அழுதான். புஷ்பம் போனபிறகு அவன் அழுததை யாரும் பார்த்ததில்லை. ஜெயராணி திரும்பி வந்து அவனருகே உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் பிரட்டுக்களத்துக்குப் பிரேமிளா ஒரு புதுக்கூடையோடு வந்து நின்றாள். கங்காணியின் வீட்டுக்காரி என்பதால் அதுவரை கொழுந்தெடுத்தறியாதவள். புதிய கங்காணி நிரை பிரித்தபோது அவளுக்குப் பக்கத்தில் போக ஒருவரும் முன்வரவில்லை.

"அந்தப் பக்கத்து நிரை எனக்கு," என்றாள் ஜெயராணி.

பகலுக்குள் பிரேமிளாவின் விரல்கள் கீறிச் சிவந்துவிட்டன. பாதி நிரையிலேயே நின்றுவிட்டாள். ஜெயராணி கையை நீட்டி அவளுடைய செடிகளையும் கிள்ளத் தொடங்கினாள். "ரெண்டு எல, ஒரு மொட்டு! முத்தினதெல்லாம் எடுத்தா நிறுக்கிற எடத்துல கழிச்சுப்போடுவாங்க. கண்ணு எங்க இருக்கு? ஒங்க புருஷன் மேல எனக்குக் கோவம் தீரல, தெரியும்ல? நாளைக்கே கோட்டுல கூப்பிட்டாலும் வந்து சொல்லுவேன். கூடையைக் கிட்ட கொண்டாங்க."

"தெரியும்," என்றாள் பிரேமிளா. கூடையைக் கிட்டே கொண்டுவந்தாள்.

மறுபக்கத்து நிரையில் செடிகள் சலசலத்தன. சந்திரிகா தன் நிரையை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் பாவம் புண்ணியம் கெடையாது," என்றாள் அவள், யாரும் கேட்காமலே. "ஒங்க ரெண்டு பேரால நிறுவைக்கு லேட்டாகும், அவ்வளவுதான்." பிரேமிளாவின் செடியிலிருந்து ஒரு பிடி கொழுந்தைக் கிள்ளி, கூடைக்குள் எறிந்தாள். "மானாம், கயிறாம், கத்தியாம்! தள்ளி நில்லுடி!"